இன்னொரு டேக்

“முகத்துல வருத்தமே தெரியலையே, ரோதியோன் பாவ்லிச். இன்னொரு டேக் போலாம்,” என்றான் கேமராவுக்குப் பின்னால் நின்ற இளைஞன் தெனிஸ்.

“வசனம் மோசம். யாரும் இப்படிப் பேச மாட்டாங்க.”

“எழுதினபடியே சொல்லுங்க. இது சரியா வந்தா நீங்களும் தாயிசாவும் வீட்டுக்குப் போயிடலாம். காலையிலேர்ந்து அவங்க அடுத்த ரூம்ல உக்காந்திருக்காங்க, பாவம்.”

மனைவியின் பெயரைக் கேட்டதும் ரோதியோனின் முகத்தில் வருத்தம் தானாக வந்தது. அதை வீணாக்காமல், நடிகனின் பழக்கத்தில், உடனே லென்ஸைப் பார்த்தார்.

“நான் எடுத்த படம் நம் ராணுவத்தை இழிவுபடுத்துகிறது. நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

“பிரமாதம்.” தெனிஸ் கேமராவை அணைத்துவிட்டு வந்து, மேசைக்கடியில் மறைந்திருந்த அவருடைய கைவிலங்கைக் கழற்றினான்.

“சின்ன வயசுல உங்க சீரியலை ஒரு நாள்கூட விட்டதில்ல. மிரட்டி வாங்கின வாக்குமூலத்தைக் கிழிச்சு எறிவீங்களே, அந்த இன்ஸ்பெக்டர் வேஷத்துல! உங்களப் பாத்துதான் நான் போலீஸ்லயே சேர்ந்தேன்.”

ரோதியோன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

“அந்த வசனமும் வேற யாரோ எழுதிக் குடுத்ததுதான், தம்பி. நானா எழுதினது, இப்ப மன்னிப்புக் கேக்க வெச்சீங்களே, அந்தப் படம் ஒண்ணுதான்.”