மூஞ்சியில் ஒரு கால்

"மிஸ், இவன் என் பென்சிலைக் கடிச்சுட்டான்!"

"கடிக்கலை மிஸ், ருசி பார்த்தேன்!"

அவள் ஒரு கையால் ஸ்மார்ட் போர்டின் ஒயரைத் திரும்பச் செருகிக்கொண்டே மறு கையால் மேசையைத் தட்டினாள். "நாலாங் கிளாஸ்! வாயில விரல்!"

வகுப்பு மொத்தமும் வாயில் விரல் வைத்தது. பென்சிலைக் கடித்தவன் மட்டும் மீசையை ஒதுக்கிவிட்டு வைத்தான்.

ஆமாம், மீசைதான். பெஞ்சுகளில் குழந்தை என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு என்றால் ஒருத்தர் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து உயிரை வாங்க வேண்டும். முன் பெஞ்சில் ரெட்டை ஜடையோடு இருந்த பாப்பாவுக்கே வீட்டில் இரண்டு பாப்பாக்கள்.

போன தடவை இதே தேர்வில் பாடத்துக்கு நடுவில் போர்டு உறைந்துபோனது. அவளும் கூடவே உறைந்துபோனாள். ஃபெயில். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால், அவளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் காலியாக வைத்திருக்கும் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

"சார், எக்ஸாமினர் எப்ப வருவார்?"

ஜன்னலோரம் இருந்த விரிவுரையாளர் கதவைப் பார்த்தார். கல்லூரியில் கம்ப்யூட்டர் வழிக் கற்பித்தல் சொல்லித்தருபவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சாக்பீஸ்.

"வெளியூர்க்காரர்மா. போன் நம்பர்தான் கொடுத்திருக்காங்க. நீ ஆரம்பி, அவர் வர்றப்ப கிளாஸ் களை கட்டியிருக்கணும்."

களையெல்லாம் கடைசி பெஞ்சில்தான் கட்டியிருந்தது. அங்கே இருந்த ஆசாமிக்குக் கொஞ்சம் தொப்பை, வாய் நிறைய இளிப்பு. பாத்ரூம் போகிறேன் என்று முன்னால் வந்து, போகிற போக்கில் ஒயரைப் பிடுங்கிவிட்டது அவன்தான். பக்கத்துக் கல்லூரிக்காரர்களும் அன்றைக்குக் கலந்திருந்ததால், பாதி முகங்கள் அவளுக்குப் புதிது. இவனும் அதில் ஒன்று.

பாடம், பின்னம். போர்டில் ஒரு கேக் வந்தது. அதை வெட்ட அவள் விரலை நீட்டினாள். கேக் காணாமல் போனது. அந்த இடத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு, மாறுகண் வைத்துக்கொண்டு, பெரிதாக ஒரு முகம்.

கடைசி பெஞ்ச் தன் போனைப் போர்டோடு இணைத்திருந்தான். "மிஸ், கேக்கை விட நான் நல்லா இருக்கேன்ல?"

போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. அவள் சாக்பீஸைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாக ஒரு மரத்தைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். போர்டில் எது கெட்டாலும் அவருக்கு மரங்கள் மேல் அக்கறை வந்துவிடும்.

அவள் போர்டுப் பேனாவை எடுத்தாள். "ரொம்ப நல்லா இருக்கேடா கண்ணு. உன்னையே வெட்டலாம்."

நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கோடு. "இப்ப ஒரு பங்கு?"

"அரை மிஸ்!"

காதிலிருந்து காதுக்கு இன்னொரு கோடு. "இப்ப?"

"கால் மிஸ்!"

கடைசி பெஞ்ச் எழுந்தான். "மூஞ்சியில எப்படி மிஸ் கால் வரும்?"

"உன் மூஞ்சிக்கு நாலு கால் வரும்டா. எண்ணிப் பார்த்துக்கோ."

"அப்ப நான் மாடா மிஸ்?"

"நான் சொல்லலைப்பா. கணக்கு சொல்லுது."

ரெட்டை ஜடை சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து சரிந்தாள். "சரி, நாலு காலும் சேர்ந்தா?" என்று மிஸ் விடாமல் கேட்க, மீசைக்காரன் துள்ளி எழுந்தான். "ஒரு முழு மாடு மிஸ்!"

"ம்மா..." என்றான் கடைசி பெஞ்ச். அவ்வளவுதான், வகுப்பே தொழுவமானது. அவள் நேராகப் போய் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். மேசை டிராயருக்குள் போட்டு அறைந்து மூடினாள்.

"வெளியே போய் நில்லுடா. எக்ஸாமினர் வர்றப்ப உன் மூஞ்சி அவர் கண்ணுல படக்கூடாது."

"அவர் வந்தா என்ன மிஸ் சொல்லட்டும்?"

"வாசல்ல ஒரு மாடு நிக்குது, முட்டும்னு சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். கதவைக்கூட அடக்கமாகத்தான் சாத்தினான்.

அதற்குப் பிறகு பாடம் வழுக்கிக்கொண்டு ஓடியது. முக்காலும் காலும் சேர்ந்தால் என்ன என்பதைப் பென்சில் கடித்த மீசையே போர்டில் வந்து வெட்டிக் காட்டினான். மணி அடித்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

"சார், இவ்வளவு நல்லா எடுத்தும் பார்க்க ஆள் வரலையே..." அவள் குரல் உடைந்தது. "எனக்கு யார் சார் மார்க் போடுவா?"

"இரும்மா, அழாதே. எங்க மாட்டிக்கிட்டார்னு அவரையே கேட்டுடறேன்." சாக்பீஸ் எக்ஸாமினரின் நம்பரை ஒவ்வொன்றாக அழுத்திக் காதில் வைத்தார். "ரிங் போகுது."

மேசை டிராயருக்குள் ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. போர்டின் ஸ்பீக்கரும் சேர்ந்து சிரித்தது. நாலாக வெட்டிய முகத்தின் குறுக்கே ஒரு நம்பர் மின்னி மின்னி ஓடியது.

சாக்பீஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இது என் நம்பராச்சே?"

யாரும் சொல்லாமலே வகுப்பு மொத்தமும் வாயில் விரல் வைத்தது. கதவு ஒரு சாண் திறந்தது.

"மிஸ், நீங்க பாஸ். நான் உள்ளே வரலாமா?"