மருந்தில்லாத வரிசை

“எல்லாம் செத்துப்போச்சுக்கா!”

மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து ஐஸ்வர்யா சுகப்பிரியாவைக் கட்டிக்கொண்டாள்.

செத்தது மலேரியாக் கிருமி. மணிமங்கலம் ஏரிக்கரையில் அவள் பறித்து வந்து சாறெடுத்த விஷ்ணுகிரந்திதான் கொன்றிருக்கிறது என்று குதித்தாள்.

சுகப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து இந்த ஒரகடம் ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் முதலில் வந்தவள். பற்பாடகம், ஆடாதோடை என்று அவள் எதைப் போட்டாலும் கிருமி கொழுத்து வளர்ந்தது. நேற்று வந்தவள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பூண்டைப் பிடுங்கிக்கொண்டு வருகிறாள், எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். சிலர் எப்படித்தான் இவ்வளவு கொடுத்து வைத்துப் பிறக்கிறார்களோ.

இந்த மாதத்துக்குப் பிறகு இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை. சாப்பாட்டுக்கு முன் மேலாளர் இளம்பரிதி வந்து இந்தச் சோதனையைப் பார்த்து முடிவு செய்வார். அப்புறம் சுகப்பிரியா படப்பையில் எடுத்திருக்கும் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

மருந்தில்லாத வரிசையையும் பார்த்துவிடு என்றாள் சுகப்பிரியா.

மலேரியாக் கிருமி மனித ரத்தத்தில்தான் வளரும். தட்டில் ஒரு வரிசைக் குழிகளில் ரத்தம், கிருமி, மூலிகைச் சாறு. அடுத்த வரிசையில் ரத்தமும் கிருமியும் மட்டும். அங்கே கிருமி உயிரோடு இருக்க வேண்டும். அங்கேயும் செத்திருந்தால் கொன்றது மூலிகை இல்லை, சோதனை செல்லாது.

ஐஸ்வர்யா குனிந்தாள். ஸ்லைடை மாற்றினாள். மறுபடி பார்த்தாள்.

அங்கேயும் எல்லாம் செத்துக் கிடந்தன.

சுகப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அழட்டும். ஒரு நாளாவது இவள் அழட்டும்.

ஐஸ்வர்யா அழவில்லை. வழக்கமாக ரத்தம் கொடுப்பவர் வராததால் இந்தத் தட்டுக்கு ரத்தம் கொடுத்தது சுகப்பிரியா. அது ஐஸ்வர்யாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

“அக்கா, இது உங்க ரத்தமாச்சே. அதுல இன்னாவோ கோளாறு இருக்குது, அதான் கிருமி வளரல. சாரு கைல அப்பால சொல்லிக்கலாம், மொதல்ல வாங்க, ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுத்துரலாம்.”

வண்டிச் சாவியோடு வாசலுக்கே போய்விட்டாள். வேலை போகிற நேரத்திலும் இவளால் இப்படி இருக்க முடிகிறதே என்று சுகப்பிரியாவுக்கு இன்னும் எரிந்தது.

கோளாறு என்னவென்று அவளுக்குத் தெரியும். மூட்டுவாதத்துக்கு அவள் தினமும் விழுங்குவது மலேரியாவுக்கும் கொடுக்கிற மாத்திரை. ரத்தத்தில் போய்த் தங்கிவிடும்.

ஊசி குத்துவதற்கு முன், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஐஸ்வர்யா கேட்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் சுகப்பிரியா சுடிதார்க் கையை மேலே ஏற்றிவிட்டாள்.