முழு விலாசம்

ஒரு விண்டோஸ் கணினியில், புதிதாகச் செய்த சின்னக் கோப்பு ஒன்று, சோதனைக்கான 'டீபக்' ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், வெளியே அனுப்புவதற்கான 'ரிலீஸ்' ஃபோல்டரில், அந்தக் கோப்பைச் செய்த பில்டரும் அதை எடுத்துப்போக வந்த இன்ஸ்டாலரும் மல்லுக்கு நின்றன.

"கோப்பைக் காணோம்," என்றது இன்ஸ்டாலர்.

"நான் செய்துதான் வைத்தேன். உனக்குத் தேடத் தெரியவில்லை," என்றது பில்டர்.

கோப்புக்கு எல்லாம் கேட்டது. ஆனால் ஃபோல்டர் பெயரோடு முழு விலாசம் சொல்லி அழைத்தால்தான் குரல் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். வெறும் பெயருக்கு வாய் திறந்தால் மரியாதை இல்லை. காத்திருந்தது.

பேசிச் சலித்த பில்டர், அதேபோல இன்னொன்றைச் செய்து ரிலீஸில் வைத்தது. இன்ஸ்டாலர் அதை எடுத்துப்போக, வேலை முடிந்தது.

சற்று நேரத்தில் டீபக் வாசலில் யாரோ முழு விலாசத்தையும் எழுத்துப் பிசகாமல் வாசித்தார்கள்.

"இங்கேதான் இருக்கிறேன் ஐயா," என்று பூரிப்போடு எழுந்தது கோப்பு.

"நல்லது," என்றது, வேண்டாததை அழிக்க வந்த கிளீனர்.