தும்பியில் ஒரு குரல்

"பொண்ணு எந்தக் கம்பெனி போன்?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். ஒரு கம்பெனி போனிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு அழைப்பு போகாத காலம். ஜாதகத்துக்கு முன்னால் இதைத்தான் பார்ப்பார்கள்.

"தும்பி. வேலையும் அங்கேதான்," என்றாள் பெண்ணாக உட்கார்ந்திருந்த மகிழினி.

"மொத்தமே முந்நூறு பேர் வச்சிருக்கிற போன்," என்று அவர் எழுந்துவிட்டார். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது.

"காபியாவது குடிச்சிட்டுப் போவோமே," என்றாள் அவர் மனைவி.

மகிழினி சட்டென்று நிமிர்ந்தாள். அவள் வேலை பார்க்கும் உதவி எண்ணில் வாரம் தவறாமல் புகார் சொல்லும் அதே குரல். முந்நூறு குரல்களும் அவளுக்கு மனப்பாடம்.

"அத்தை, பேட்டரி இப்போ நிக்குதா?"

அந்த அம்மாள் புருஷனை ஒருமுறை பார்த்தாள். பிறகு சேலை மடிப்பிலிருந்து தும்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு நாள் நிக்குதும்மா. வீட்டுல பேசத்தான் ஆளில்லாம இருந்துச்சு."