துப்புறதுக்கு ஒரு பரீட்சை

"குடியைத் தொடுற கையால என் நெத்தியைத் தொடாதே!"

மாமியார் வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டார். தைலம் தொட்ட என் விரல் அந்தரத்தில் நின்றது.

அவருக்குத் தீராத தலைவலி. கல்யாணமான நாளிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன். இன்றைக்குத் திடீரென்று என் கை ஆகாத கையாகிவிட்டது!

"அத்தை, நான் குடிக்கலை. வாயில வெச்சுப் பார்த்துட்டுத் துப்பிடுவேன். அதுதான் என் வேலை."

"துப்புறதுக்கு ஒரு பரீட்சை! அதுலயும் ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு!"

சுருக்கென்றது. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லும் பொறுப்பு ஹோட்டலில் எனக்குக் கிடைக்க வேண்டுமானால், அந்தப் பரீட்சையில் தேற வேண்டும். மூன்றே வாய்ப்புதான். முந்தின நாள்தான் இரண்டாவது தோல்விக் கடிதம் வந்திருந்தது. முதல் வரியைப் பார்த்ததுமே கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டேன்.

இவரிடம் முறையிட்டேன்.

"அம்மா பேச்சைப் பெருசா எடுத்துக்காதே" என்று பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அந்த வீரரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஒரு மாதம் ஓடியது. மாமியார் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடினார். வலியில் முகம் சுண்டிப்போயிருந்தது. தைலத்தைத் தானும் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டிலையே எங்கோ ஒளித்துவிட்டார்.

என்ன வீம்பு! எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

பரீட்சை நாள் வந்தது. பெயர் மறைத்த பாட்டிலிலிருந்து ஆளுக்கு ஒரு கோப்பை பிரெஞ்சு சிவப்பு ஒயின். எதிரே மூன்று தட்டுகள். சுட்ட ஆட்டிறைச்சி, எலுமிச்சை பிழிந்த மீன், வெண்ணெயில் வதக்கிய காளான்.

"எந்த ஊர் ஒயின்? எந்தத் தட்டோட சேரும்?" என்றார் தலைமைப் பரிசோதகர்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நாலு பேரும், சிவப்பு ஒயின் என்றதும் யோசிக்காமல் ஆட்டிறைச்சியைக் காட்டினார்கள்.

கோப்பையைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். செர்ரிப் பழ வாசனை. அதற்கும் அடியில், ரொம்ப மெல்லிசாக, மழை விட்டதும் ஈர மண்ணில் எழும் வாசனை. அட! இத்தனை நாள் இது எங்கே ஒளிந்திருந்தது?

வாயில் வைத்தேன். நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு இல்லை. சாது. துப்பினேன்.

"பர்கண்டி சார். காளானோட சேரும். ரெண்டுலயும் அதே மண் வாசனை. ஆட்டுக்கறி இதை அமுக்கிடும்."

பரிசோதகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமைப் பரிசோதகர் எழுந்து நின்று கைதட்டினார். திராட்சைக் கொத்து பதித்த பேட்ஜை அவரே என் சட்டையில் குத்திவிட்டார்!

வீட்டுக்குள் புயலாக நுழைந்தேன்.

"அத்தை! துப்பியே ஜெயிச்சுட்டேன்!"

குரலில் குத்தல் இருந்தது. இருக்கட்டுமே!

மாமியார் பேட்ஜை ஒரு தரம் தடவிப் பார்த்தார். ஸ்டூல் மேல் ஏறி, பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் ஒரு கசங்கிய தாள். தாளுக்குள் தைல பாட்டில்.

தாளைப் பிரித்தேன். நான் எறிந்த தோல்விக் கடிதம். நான் படிக்காத கடைசி வரி அதில் இருந்தது: 'கையில் கடுமையான தைல வாசனை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போது ஒயினின் வாசனையை அது மறைத்துவிடுகிறது.'

"அத்தை... என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேட்டிருப்பியா? 'உங்க தலைவலிதான் முக்கியம், பரீட்சை கிடக்கட்டும்'னு தைலத்தோட வந்து நிப்பே. திட்டினாத்தானே தள்ளி நிக்கிறே!"

நெற்றிக் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, என் மடியில் தலையைச் சாய்த்தார்.

"நாளைக்கு உனக்கு லீவுதானே? தேய்ச்சு விடும்மா. ஒரு மாசமா மண்டை பொளக்குது!"