முன்படி

இந்த வாசலால் ஏறாவிட்டால் இந்த வீட்டில் என்றைக்கும் ஒளித்திருப்பவளாகவே இருப்பேன் என்று நினைக்கிறாள் தவமலர். சுவிற்சர்லாந்தின் துன் நகரில் நூறாண்டுக்கு முன் தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய மாடிவீடுகளின் வரிசை இது. ஒரு கல்லையும் மாற்றக் கூடாதென்று அரசு காக்கிறது. கதவுக்கு மேலுள்ள வண்ணக் கண்ணாடியால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டின் மார்கழி வெயில் இறங்கி, அகன்ற கற்படிகளில் சிவந்து கிடக்கிறது. கைப்பிடியின் இரும்புக் கொடிகள் அவள் விரல்களுக்குள் குளிர்கின்றன. மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இவர்கள் இருவரும், அந்தக் காலத்து வேலைக்காரருக்கென்று கட்டிய பின்படியால்தான் ஏறவேண்டும் என்று வீட்டுக்காரி காலையில் சொல்லிவிட்டாள். “பின்படியாலை வாரும். அறையும் போச்செண்டால் இந்தக் குளிருக்கை எங்கை போறது?” கணவன் சிவநேசன் கிசுகிசுக்கிறான். “அரசியோ நீர், முன்வாசல் கேக்க?” மேலே வீட்டுக்காரியின் கதவு திறக்கிறது. தவமலர் சாமான் பையை மறுகைக்கு மாற்றிக்கொள்கிறாள். “நீங்கள் அதாலை போங்கோ,” என்கிறாள் மெல்ல. “நான் இதாலைதான் வாறன்.”