கம்பி கறுத்த இடம்

அண்ணன் பதினான்கு வருடம் தன் பேஸ் கிட்டாருக்குக் கம்பி மாற்றவில்லை. அவனுடைய கனத்த தொனி அந்த அழுக்கில்தான் இருந்தது. அவன் இறந்தபின், பாதியில் நின்ற அவன் பாட்டைப் பதிவுசெய்ய, அது தெரியாமல் நான் புதுக் கம்பி மாட்டினேன்.

“என்ன மாப்ளே, தகர டப்பாவ உருட்டுற மாதிரி இருக்கு! அவன் வாசிச்சா நெஞ்சுல இடிக்கும்” என்றார் டிரம்ஸ் வாசிக்கும் அக்கா கணவர்.

“பழசாக்கிக் கொண்டு வர்றேன் மாமா. அதுவரைக்கும் பதிவு வேணாம்.”

தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். நான் மீட்டுவது கிட்டாரின் அடிமுனையில். அங்கே கம்பிகள் இன்னும் பளபளக்கின்றன. கறுத்திருப்பது மேலே, என் விரலே படாத, கழுத்து உடலோடு சேரும் இடத்தில். அண்ணன் கட்டைவிரலால் மீட்டுவது அங்கேதான்.

தொனி பாதி வந்துவிட்டது. இப்போதெல்லாம் கிட்டாரைப் பெட்டியில் பூட்டாமல், அவன் நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.